எடைக்கல் சரியாக இருக்கிறதா?

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாயார் வந்தார். எழுபது வயதை நெருங்கியவர். அவருடைய மூத்த மகள் இங்கே நர்ஸ் படிப்பை முடித்து, மணமாகி அமெரிக்கா சென்று, அங்குள்ள மருத்துவமனைகளில் பதினோரு ஆண்டுகள் நோயாளிகளின் கட்டிலருகே நின்று ஊழியம் செய்தவர். இப்போது வேலை மாறியிருக்கிறது. ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில், மருத்துவச் செலவு கேட்டு வரும் கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் பன்னிரண்டு நர்ஸ்களுக்கு அவர் தலைவி. சம்பளம் முன்னைவிட அதிகம். இரவு வேலை இல்லை. வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம்.

“அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லவேண்டிய இடத்தில் அவள் அழுகிறாள், தம்பி” என்றார் அந்தத் தாயார். “‘உம்மா, நான் இப்போது நோயாளியைத் தொடுவதில்லை, தாளைத்தான் தொடுகிறேன். என் சம்பளம் சுத்தமானதா என்று எனக்கே தெரியவில்லை உம்மா’ என்கிறாள். நீங்கள் நாலும் படித்தவர். அவளோடு ஒரு தடவை பேசுங்கள்.”

பேசினேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அவர் சொன்னதைக் கேட்ட பிறகு, இது அந்த ஒரு பெண்ணின் கேள்வி மட்டுமல்ல என்று பட்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆலிம் அல்லன். ஃபத்வா கொடுக்கும் தகுதி எனக்கு இல்லை. இன்ஷூரன்ஸ் கூடுமா, கூடாதா என்ற மஸ்அலாவை உலமாப் பெருமக்கள் நீண்ட காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, குறித்த தொகையைப் பிரீமியமாக வாங்கி நடத்தும் வணிக இன்ஷூரன்ஸ் கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறை கூடும் என்றும் முடிவு செய்தது. அந்த மஸ்அலாவைத் தம் ஊர் இமாமிடமே கேட்டுத் தெளியும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். ஆனால், அவர் மனத்தை அறுத்துக்கொண்டிருந்தது வேறொன்று.

‘முகம் தெரியாத ஒருவருடைய ஹக்கு என் குழுவின் கைக்கு வந்து போகிறது. அதிலே தவறு நேர்ந்தால் கணக்கு யாரிடம் கேட்கப்படும்? தாளைப் படித்த நர்ஸிடமா? மறுத்துக் கையெழுத்திட்ட டாக்டரிடமா? அவர்களை வேலை வாங்கிய என்னிடமா?’

சிந்திக்க வேண்டிய கேள்வி அல்லவா இது!

அது என்ன வேலை?

நம் வீடுகளில் பலருக்கு இந்த வேலை புதிது. ஆகவே அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும்.

அமெரிக்காவில் 65 வயது நிறைந்தவர்களுக்கும், உடல் ஊனத்தால் உழைக்க முடியாத சிலருக்கும் மெடிகேர் என்றொரு அரசுத் திட்டம் இருக்கிறது. 1965இல் சட்டமானது. இந்தத் திட்டத்தின் பலனை நேரடியாக அரசிடமிருந்தும் பெறலாம். தனியார் இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒன்றின் வழியாகவும் பெறலாம். 2023 முதல் பாதிக்கு மேற்பட்டவர்கள் தனியார் வழியையே தேர்ந்திருக்கிறார்கள். அப்படித் தேர்ந்தவர்களுக்காக அரசு, ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் ஒரு தொகையை நிறுவனத்திடம் கொடுத்துவிடுகிறது. அதிலே 100 டாலருக்குக் குறைந்தது 85 டாலரைச் சிகிச்சைக்கும், சிகிச்சையின் தரத்துக்கும் செலவிட வேண்டும் என்பது சட்டம். மிச்சம் நிர்வாகத்துக்கும் லாபத்துக்கும். செலவு குறைந்தால் நிறுவனத்துக்கு ஆதாயம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஷைத்தான் நுழையக்கூடிய வாசல் அங்கேதான் திறந்திருக்கிறது.

சில சிகிச்சைகளுக்கு மருத்துவமனை முன்கூட்டியே அனுமதி கேட்கவேண்டும். சிலவற்றை நோயாளி படுக்கையில் இருக்கும்போதே, ‘இன்னும் இத்தனை நாள் வேண்டும்’ என்று கேட்கவேண்டும். சிலவற்றுக்குச் சிகிச்சை முடிந்த பிறகு பணம் கேட்டுக் கிளெய்ம் வரும். எல்லாமே முதலில் ஒரு நர்ஸின் பார்வைக்கு வருகின்றன. அவர் நோயாளியின் குறிப்புகளைப் படித்து, விதிப்புத்தகத்தோடு ஒப்பிடுகிறார். இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு, எத்தனை அடி நடக்கிறார், ஊசி வழியாக மருந்து ஏறுகிறதா, மாத்திரை போதுமா என்றெல்லாம் பார்க்கிறார். விதிக்குப் பொருந்தினால் அவரே அனுமதித்துவிடலாம். பொருந்தாவிட்டால், பெரும்பாலான நிறுவனங்களில் நர்ஸ் மறுக்க முடியாது. சுருக்கம் ஒன்றை எழுதி டாக்டருக்கு அனுப்புவார். மறுக்கும் அதிகாரம் டாக்டருக்குத்தான்.

காலக்கெடுவும் உண்டு. அவசரமானவற்றுக்கு 72 மணி நேரத்துக்குள் பதில் சொல்லவேண்டும். மற்ற முன் அனுமதிகளுக்கு 14 நாள் இருந்ததை, 2026 முதல் 7 நாளாகக் குறைத்துவிட்டார்கள்.

குழுத் தலைவியின் வேலை இவற்றையெல்லாம் நடத்துவது. யாருக்கு எந்தக் கோப்பு என்று பிரித்துக் கொடுப்பார். கெடு தவறாமல் கவனிப்பார். ஒருவர் ஒரு நாளில் எத்தனை முடித்தார் என்று எண்ணுவார். மாதாமாதம் சில கோப்புகளை எடுத்துச் சரிபார்ப்பார். ஆண்டு முடிவில் ஒவ்வொருவரைப் பற்றியும் மதிப்பீடு எழுதுவார். அந்த மதிப்பீட்டைப் பார்த்துத்தான் சம்பள உயர்வு.

ருஃபைதா (ரலி) அம்மையார் மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்து, அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்குப் பணிவிடை செய்த வரலாற்றை நாம் அறிவோம். அங்கே காயம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. இங்கேயோ நோயாளி காகிதமாக வருகிறார், காகிதமாகப் போகிறார். முனகல் கேட்காது. கண்ணீர் தெரியாது. ஆனால், அந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் படுத்திருக்கிறார் என்பது மட்டும் உண்மை.

மறுப்பதெல்லாம் அநியாயமா?

‘அப்படியானால் வருவதற்கெல்லாம் ஆம் என்று எழுதிவிட்டால் பாவம் தீர்ந்ததே!’ என்று சிலர் நினைக்கலாம். அதுவும் நியாயமன்று.

மிச்சிகன் மாநிலத்தில் ஒரு புற்றுநோய் மருத்துவர் இருந்தார். புற்றுநோயே இல்லாதவர்களுக்கும் புற்றுநோய் மருந்தை ஏற்றினார்; வேண்டாதவர்களுக்கு வேண்டாத அளவில் ஏற்றினார்; அத்தனைக்கும் மெடிகேரிடமும் இன்ஷூரன்ஸிடமும் கிளெய்ம் போட்டார். 553 நோயாளிகள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். 2015 ஜூலையில் நீதிமன்றம் அவருக்கு 45 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் அனுப்பிய கிளெய்ம்களில் ஒன்றையாவது ஒரு நர்ஸ் ஊன்றிப் படித்து, ‘இவருக்கு ஏன் இந்த மருந்து?’ என்று கேட்டிருந்தால், அது பணத்தைக் காத்த செயலாக மட்டுமா இருந்திருக்கும்? உடம்பைக் காத்த செயலாக அல்லவா இருந்திருக்கும்!

பொதுப் பணம் என்பது எல்லாருடைய ஹக்கு. பொய்க் கிளெய்முக்குக் கொடுத்தால், மெய்யான நோயாளியிடமிருந்து எடுத்துக் கொடுத்ததாகும். ஆகவே, பரிசீலனை என்ற வேலையிலேயே குற்றம் இல்லை. தராசு பிடிப்பது ஒரு நல்ல தொழில். தராசு சாய்வதில்தான் குற்றம் வருகிறது.

அங்கே தராசு சாய்கிறதா என்றால், சாய்வதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்கச் சுகாதாரத் துறையின் தலைமைத் தணிக்கை அலுவலகம் 2022 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2019 ஜூன் முதல் வாரத்தில் 15 பெரிய நிறுவனங்கள் மறுத்தவற்றிலிருந்து மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். மறுக்கப்பட்ட முன் அனுமதிகளில் 13 சதவீதம் மெடிகேர் விதிப்படி கொடுக்கப்படவேண்டியவை. பணம் மறுக்கப்பட்ட கிளெய்ம்களில் 18 சதவீதம் அப்படியே. தேவையான குறிப்பு கோப்பிலேயே இருக்கும்போது, ‘ஆதாரம் போதாது’ என்று திருப்பியவையும் அவற்றில் இருந்தன.

மறுக்கப்பட்டவர்கள் முறையிடலாமே என்பீர்கள். முறையிடுகிறவர்கள் மிகச் சிலர். அரசு நடத்தும் சந்தை வழியாகப் பொதுமக்கள் வாங்கும் வேறுவகை இன்ஷூரன்ஸில், 2021ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தார்கள். நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவர்களிடமிருந்து வந்த கிளெய்ம்களிலேயே சுமார் 17 சதவீதம் மறுக்கப்பட்டிருந்தது. அப்படி மறுக்கப்பட்டவை ஆயிரம் என்றால், முறையீடு வந்தது இரண்டுக்குக்கூட இல்லை! நோயில் கிடப்பவர், வழக்காடத் தெம்புள்ளவராக இருப்பதில்லை. ‘அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்று அடங்கிவிடுகிறார். அந்த நம்பிக்கையே ஓர் அமானிதம்.

ஒரு மூதாட்டியின் கோப்பு

இனி, அந்தப் பெண்ணை அழவைத்த சம்பவத்துக்கு வருகிறேன்.

82 வயது மூதாட்டி ஒருவர். இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை நடந்து, மறுபடி நடக்கப் பழகுவதற்காக ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கப்பட்டிருந்தார். 16 நாள் கழிந்தது. இன்னும் 10 நாள் வேண்டும் என்று இல்லம் கேட்டது. கோப்பு இவருடைய குழுவில் ஒரு நர்ஸிடம் போயிற்று. அவர் எழுதிய சுருக்கம் இதுதான்: காயம் ஆறிவிட்டது, வலி குறைந்துவிட்டது, வாக்கர் பிடித்து 50 அடி நடக்கிறார். டாக்டர் அதைப் பார்த்தார். மறுத்தார். முறையிடலாம் என்று தெரிவிக்கும் காகிதம் மூதாட்டிக்குக் கொடுக்கப்பட்டது. அவர் முறையிடவில்லை.

ஆறு வாரம் கழித்து, மாதாந்தரச் சரிபார்ப்புக்காக இந்தப் பெண் எடுத்த கோப்புகளில் அதுவும் ஒன்று. ஒன்பதாவது பக்கத்தில், உடற்பயிற்சி கொடுப்பவர் எழுதிய குறிப்பு இருந்தது. மூதாட்டி தனியாக வாழ்கிறார், படுக்கையறை மாடியில், யாரும் பிடித்துக்கொள்ளாமல் இரண்டு படிகூட அவரால் ஏற முடியவில்லை.

சுருக்கத்தில் எழுதியது ஒன்றும் பொய் இல்லை. ஒவ்வொரு வரியும் மெய். ஆனால், மாடிப்படி அதிலே இல்லை!

“அந்த நர்ஸ் கெட்டவள் இல்லை, மாமா” என்றார் அந்தப் பெண் என்னிடம். “ஒரு நாளைக்கு இருபது கோப்பு என்பது எங்கள் கணக்கு. அவள் இருபத்தாறு முடிப்பாள். அதற்கு முந்திய மாதம்தான் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டினேன். இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன்.”

சற்று நேரம் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

சாட்சியும், சாட்சியை நடத்துபவரும்

இங்கேதான் நாம் நின்று யோசிக்கவேண்டும். பொறுப்பு யாருடையது?

நர்ஸ் சொல்லலாம்: ‘மறுத்தது நானில்லை, எனக்கு மறுக்கும் அதிகாரமே இல்லை.’ டாக்டர் சொல்லலாம்: ‘எனக்கு வந்த சுருக்கத்தில் மாடிப்படி இல்லை, இருந்திருந்தால் மறுத்திருக்கமாட்டேன்.’ தலைவி சொல்லலாம்: ‘நான் அந்தக் கோப்பைத் தொடவே இல்லை.’ நிறுவனம் சொல்லலாம்: ‘விதிப்படிதான் நடந்தது, முறையிடவும் வழி காட்டினோம்.’ ஒவ்வொருவர் சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. எல்லாரும் சொல்லி முடித்த பிறகு பார்த்தால், அநியாயம் மட்டும் நடந்திருக்கிறது. செய்தவர் ஒருவரும் இல்லை! உலகத்துக் கணக்கில் இப்படி முடித்துவிடலாம். மறுமைக் கணக்கில் முடிக்க முடியுமா?

நர்ஸ் எழுதும் சுருக்கம் என்பது ஒரு சாட்சியம். டாக்டர் நோயாளியைப் பார்க்கவில்லை. பெரும்பாலும் முழுக் கோப்பையும் பார்ப்பதில்லை. 2023 மார்ச்சில் புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் வெளியிட்ட செய்தியின்படி, ஒரு பெரிய இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில், சிகிச்சைக்குப் பின் வந்த கிளெய்ம்கள் மூன்று லட்சத்துக்கு மேல் 2022இல் இரண்டே மாதத்தில் மறுக்கப்பட்டிருந்தன. ஒன்றுக்கு டாக்டர் செலவிட்ட நேரம் சராசரி 1.2 விநாடி! அது இந்தப் பெண்ணின் நிறுவனமன்று. அந்த முறையும் வேறு. ஆனால், பார்க்காதவர் தீர்ப்புச் சொல்லும்போது, பார்த்தவருடைய சாட்சியம்தான் எல்லாமாகிவிடுகிறது என்பதற்கு இது போதும். சாட்சியத்தில் பொய் சொல்வது மட்டும் குற்றமன்று. சொல்லவேண்டியதை மறைப்பதும் குற்றம் என்பது நம் பிள்ளைகள் மக்தபில் கற்கும் பாடம். அறிந்து மறைத்தால் பெருங்குற்றம். அவசரத்தில் விட்டுவிட்டால், அந்த அவசரத்தை உண்டாக்கியவர் யார் என்ற கேள்வி எழுகிறது.

ஷுஐப் நபி (அலை) அவர்களின் கூட்டத்தார் அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்தவர்கள் என்று அறிவோம். ஒரு கடையை நினைத்துப் பாருங்கள். கடைப்பையன்கள் பத்துப் பேர் நிறுத்துக் கொடுக்கிறார்கள். பத்துப் பேரும் நல்லவர்கள். ஐந்து வேளை தொழுபவர்கள். கை நடுங்காமல், முள் நேராக நிற்கும்படி நிறுக்கிறார்கள். ஆனால், முதலாளி வாங்கி வைத்த எடைக்கல்லே குறைவு. அந்தக் கடையில் ஒவ்வொரு நிறுவையும் மோசடிதான். நிறுத்தவருக்குத் தெரியாது; வாங்கியவருக்கும் தெரியாது. எடைக்கல்லை வைத்தவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்!

குழுத் தலைவி கோப்பை நிறுப்பதில்லை. எடைக்கல்லை வைக்கிறார். எதை எண்ணுகிறார், எதைப் பாராட்டுகிறார், எதைக் கேட்டு முகம் சுளிக்கிறார் என்பதே அந்த எடைக்கல். வேகத்தை மட்டும் எண்ணினால், ஒன்பதாவது பக்கத்தைப் படிக்காதவரே நல்ல ஊழியர் ஆகிவிடுகிறார். ‘மெதுவாகச் செய்யுங்கள், நியாயமாகச் செய்யுங்கள்’ என்று வாயால் சொல்லிவிட்டு, மாதக் கடைசியில் எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்தால், ஊழியர் எதை நம்புவார்? வாயையா, பரிசையா?

இதை அந்த நாட்டுச் சட்டம்கூட ஓரளவு உணர்ந்திருக்கிறது. முதலாளிகள் தம் ஊழியருக்குக் கொடுக்கும் மருத்துவத் திட்டங்களுக்கு, 2010இல் வந்த சீர்திருத்தச் சட்டத்தை ஒட்டி ஒரு விதி செய்தார்கள். கிளெய்மைத் தீர்மானிப்பவரை வேலைக்கு எடுப்பதும், சம்பளம் கொடுப்பதும், பதவி உயர்த்துவதும், அவர் மறுப்பதற்குத் துணைபோவார் என்பதைப் பார்த்து நடக்கக்கூடாது என்பது அந்த விதி. ஆனால், ‘மறுத்தால் பரிசு’ என்று எந்த நிறுவனமும் எழுதி வைக்கப்போவதில்லை. ‘வேகமாக முடித்தால் பரிசு’ என்று எழுதினாலே போதும். மற்றது தானாக நடக்கும். சட்டத்தின் கண்ணுக்குத் தப்புவதையும் பார்க்கவேண்டியது தக்வா.

லிண்டா பீனோ என்ற அமெரிக்க மருத்துவப் பெண்மணி 1996 மே 30 அன்று அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். 1987இல் கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் டாக்டராக இருந்தபோது, ஒருவருக்கு உயிர்காக்கும் அறுவைச் சிகிச்சையைத் தாம் மறுத்ததாகவும், அதனால் அவர் இறந்ததாகவும் தாமே ஒப்புக்கொண்டார். யாரும் அவரைத் தண்டிக்கவில்லை. நிறுவனத்துக்குப் பெரும்பணம் மிச்சமானது. அவருக்கோ மதிப்பு உயர்ந்தது. ஒன்பது ஆண்டு கழித்து, யாரும் கேட்காமலே, தம் கணக்கைத் தாமே சபையில் திறந்து வைத்தார். நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. பிழைக்குத் தண்டனை வரவில்லை, பாராட்டே வந்தது என்பதால் பிழை நியாயமாகிவிடாது.

தலைவியால் என்ன செய்ய முடியும்?

‘நான் பெரிய நிறுவனத்தில் ஒரு சின்ன ஆள், என்னால் என்ன மாற்ற முடியும்?’ என்று அந்தப் பெண் கேட்டார். நிறுவனத்தை மாற்றமுடியாது, மேலே உள்ளவர்கள் வைக்கும் எண்ணிக்கையைக்கூட உடனே மாற்றமுடியாது. ஆனால், தம் பன்னிரண்டு பேருக்குள் அவரால் முடிந்தது நிறைய. அவரும் நானும் பேசிப்பேசி எடுத்தவை இவை.

முதலாவது, டாக்டருக்குப் போகும் ஒவ்வொரு சுருக்கத்திலும், நோயாளிக்கு ஆதரவாகக் கோப்பில் உள்ள மிக வலுவான குறிப்பை ஒரு வரியாவது எழுதியே ஆகவேண்டும் என்று வைத்துக்கொள்வது. அப்படி ஒன்றும் இல்லையென்றால், ‘தேடினேன், இல்லை’ என்று எழுதவேண்டும். அந்த வரிக்காகவாவது ஒன்பதாவது பக்கம் வரை கண் போகும்.

இரண்டாவது, காகிதம் குறைகிறது என்பதற்காக மறுப்புக்கு அனுப்பும் முன் மருத்துவமனைக்கு ஒரு தடவை போன் செய்வது. அந்தப் போனுக்கு ஆகும் நேரத்தை நர்ஸின் கணக்கில் குறையாக எழுதாமல், வேலையாக எழுதுவது.

மூன்றாவது, மாதம் ஒரு முறை ஒரே கோப்பைப் பன்னிரண்டு பேரிடமும் தனித்தனியே கொடுத்துப் பார்ப்பது. நல்ல நிறுவனங்களில் இது முன்பே இருக்கும் வழக்கம். எட்டுப் பேர் அனுமதித்து, நான்கு பேர் டாக்டருக்கு அனுப்பினால், நோயாளியின் விதி அவருடைய நோயில் இல்லை. எந்த நர்ஸிடம் கோப்பு போயிற்று என்பதில் இருக்கிறது என்று பொருள். யாரையும் வெட்கப்படுத்தாமல், ஏன் வேறுபட்டோம் என்று உட்கார்ந்து பேசவேண்டும்.

நான்காவது, மறுக்கப்பட்டு, முறையீட்டில் திரும்பிய கோப்புகளை எண்ணுவது. வேகத்தின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இந்த எண்ணிக்கையையும் எழுதி மேலே அனுப்புவது. பார்ப்பவர் பார்க்கட்டும், பார்க்காதவர் விடட்டும். எழுதியது சாட்சியாக நிற்கும்.

ஐந்தாவது, ‘எனக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்று ஒரு நர்ஸ் சொன்னால், அதைக் குறையாக மதிப்பீட்டில் எழுதாமல் இருப்பது.

இவற்றையும் செய்யவிடாமல், ‘மறைத்து எழுது’ என்று ஒருநாள் நேராகவே கட்டளை வந்தால்? அன்று அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடவேண்டும். ரிஜ்க்கு அளிப்பவன் நிறுவனம் அல்லன், அல்லாஹ்! ஆனால், கட்டளை வராதபோதே, கை சுத்தமாக இருக்கட்டும் என்று ஓடிவிடுவது சரியா? அந்த நாற்காலி காலியாக இருக்கப்போவதில்லை. ஒன்பதாவது பக்கத்தைப் பற்றிக் கவலைப்படாத ஒருவர் வந்து அமரக்கூடும். அழுகிற ஒருவர் அங்கே இருப்பது நோயாளிகளுக்கு நல்லது என்றே நான் அவரிடம் சொன்னேன்.

முகம் தெரியாதவரிடம் மன்னிப்பு

கடைசியாக, அவர் கேட்க அஞ்சிய கேள்வி ஒன்று இருந்தது. அல்லாஹ்வுக்குச் செய்யும் குற்றத்துக்கு அவனிடம் தௌபா செய்யலாம். ஹக்குல் இபாத், அதாவது அடியார்களின் உரிமையில் செய்த குற்றத்துக்கோ, அந்த அடியாரே மன்னிக்கவேண்டும். அந்த மூதாட்டி முஸ்லிம் அல்லர். வேறு மாநிலத்தில் இருக்கிறார். இவர் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. எப்படி மன்னிப்புக் கேட்பது?

அவர் முஸ்லிம் அல்லாதவர் என்பதால் ஹக்கு ஒரு குன்றிமணியும் குறையாது. இதில் யாருக்கும் ஐயம் வேண்டாம். ஹக்கு என்பது மனிதருக்கு உரியது.

ஆகவே, கேட்பதற்கு முன் கொடுக்கவேண்டியதைக் கொடுக்கவேண்டும். பிழையாகப் போன தீர்ப்பை மறுபடி திறக்க அந்த நாட்டு மெடிகேர் விதியே இடம் தருகிறது. ஓராண்டுக்குள் என்றால் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கலாம். யாரும் கேட்டிருக்கவேண்டும் என்பதில்லை. ‘இதைச் செய்தாயா?’ என்று நான் கேட்டபோது அவர் தயங்கினார். திறந்தால், பிழை தம் குழுவுடையது என்று தாமே எழுதிக் கொடுத்ததாகும். மேலே உள்ளவர்கள் கேட்பார்கள். அவருடைய மதிப்பீட்டிலும் அது ஏறும்.

பத்து நாள் கழித்து அந்தத் தாயார் மறுபடி வந்தார். மகள் கோப்பைத் திறந்துவிட்டாராம். பராமரிப்பு இல்லத்துக்கும் போன் செய்து விசாரித்தாராம். மூதாட்டி மறுப்புக்குப் பிறகு மூன்று நாள் தம் கைப்பணத்தைக் கட்டித் தங்கிவிட்டு, அதற்குமேல் முடியாமல் வீடு திரும்பியிருக்கிறார். அந்த மூன்று நாள் பணம் அவருக்குத் திரும்பப் போய்விட்டது. கேட்ட பத்து நாளில் மற்ற ஏழு நாளை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. மாடிப்படியை அவர் எப்படி ஏறினார், ஏறினாரா என்பது எந்தக் கோப்பிலும் இல்லை.

குழுக் கூட்டத்தில் அந்த நர்ஸின் பெயரை எடுக்கவில்லையாம். “சென்ற மாதம் நான் பாராட்டிய விதம் தவறு. பிழை என்னிடம் தொடங்கியது” என்று மட்டும் சொன்னாராம். கூட்டம் முடிந்த பிறகு அந்த நர்ஸ் தாமாகவே வந்து, தம் பழைய கோப்புகளில் இன்னும் இரண்டைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம்.

“சம்பளம் சுத்தமா என்று இப்போது கேட்கிறாளா?” என்றேன்.

“கேட்கத்தான் செய்கிறாள், தம்பி” என்றார் அந்தத் தாயார். “தினமும் கேட்கிறாள்.”

கேட்கட்டும். அப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பவரின் எடைக்கல்தான் குறையாமல் இருக்கும். நம்மில் எத்தனை பேர் கடையில், அலுவலகத்தில், பள்ளிக்கூடத்தில், ஜமாஅத் நிர்வாகத்தில் பிறர் கையால் நிறுக்கிறோம்! நாம் வைத்த கல்லை எடுத்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று? இன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் ஒருமுறை எடுத்துப் பார்ப்போமாக!

முகம் தெரியாதவர்களின் உரிமையையும் பேணி நடக்கும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.